மூன்று புகார்கள்

"அய்யோ, கரண்ட் போச்சு!"

தங்கை லோசா கத்தியதும் உனைசி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். டிவி இருண்டு கிடந்தது. வெளியே கொட்டும் மழை. நம்புவா வட்டாரம் முழுக்க ஒரு வீட்டிலும் விளக்கில்லை.

இணையத்தில் நடக்கும் ரக்பி விளையாட்டின் அரையிறுதி அது. அவளும் எதிராளியும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம். ஜெயிப்பவருக்கு இறுதிப் போட்டிக்காக சிட்னி பயணம். மூன்று வருஷமாக இதே படியில் வழுக்கி விழுந்தவள் உனைசி. இன்றைக்காக ரொட்டிக்கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தாள்.

"சோனே அண்ணன் வீட்டுல கரண்ட் இருக்காம். பக்கத்து சமம்புலாதானே, அங்க போயிடலாம், கிளம்புக்கா!" என்றாள் தங்கை.

"பத்து நிமிஷத்துல ஆட்டத்துக்குத் திரும்பலைன்னா தோத்ததா கணக்குடி. இந்த மழையில எப்படிப் போறது?"

"இங்கேயே உக்காந்திருந்தா மட்டும் ஜெயிச்சிடுவியா?"

டிவியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டியை, இடுப்பில் கட்டும் சுலுத் துணி ஒன்றில் சுற்றிக்கொண்டு இருவரும் டாக்சிக்கு ஓடினார்கள்.

பாதி வழியில் வண்டிகள் நகரவே இல்லை. லோசா போனில் போட்டி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்கூட ஆடுற அந்த டனீடன் ஊர்க்காரன் உன்மேல புகார் குடுக்கிறான்."

"யாரு, ஆங்கஸா? என்னவாம்?"

"ரெண்டாவது ஆட்டத்துல உன் ஆளு கோட்டைத் தாண்டி நின்னானாம். நடுவரம்மா பதிவைத் திருப்பிப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க."

"நான் நடுரோட்டுல தவிக்கிறேன், இவனுக்கு இப்பதான் கோடு ஞாபகம் வந்துதா?"

சற்று நேரத்தில் லோசா தலையில் அடித்துக்கொண்டாள். "முதல் புகார் தள்ளுபடி. இப்ப அடுத்தது. உன் அணிச் சட்டையும் அவன் அணிச் சட்டையும் ஒரே நிறமாத் தெரியுதாம். குழப்பமா இருக்காம்."

"என்னுது வெள்ளை. அவனுது கறுப்பு!"

டாக்சிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கண் டாக்டரைப் பாக்கச் சொல்லுங்கம்மா அந்தத் தம்பியை."

ஒளிபரப்பைப் பார்க்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 'அழுமூஞ்சி', 'பொண்ணு இல்லாத நேரம் பாத்து வீரம்', 'அம்மாவைக் கூட்டிட்டு வாடா' என்று கீழே வசவுகள் குவிந்துகொண்டே போயின. லோசா ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். உனைசிக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மூன்றாவது புகார் வந்தபோது அந்த ஆறுதலும் போயிற்று.

"உன் பேருல ஒரு எழுத்து மாறியிருக்காம்கா. பதிவுல ஒண்ணு, திரையில ஒண்ணாம். ஆள் மாறாட்டமா இருக்குமோன்னு கேக்கிறான்."

"என்னையா? என்னைத் திருடிங்கிறானா?"

கண்ணில் நீர் முட்டியது. எப்போதோ பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. "வண்டியைத் திருப்புங்க. வீட்டுக்கே போயிடலாம்" என்றாள்.

"இன்னும் உன்னைத் தோத்ததா அறிவிக்கலைக்கா. கடைசிவரை போய்ப் பாத்துடலாம்."

சோனே வீட்டு வாசலில் இறங்கி, தொப்பலாக நனைந்தபடி உள்ளே ஓடினாள். பெட்டியை மாட்டினாள். 'தோல்வி' என்ற எழுத்தைப் பார்க்க மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

அப்படி எதுவும் இல்லை. பிரிஸ்பேனிலிருந்து நடுவர் நோலீனின் குரல்தான் வந்தது.

"உனைசி வந்தாச்சா? நல்லது. மூணாவது புகாரும் தள்ளுபடி. ஆட்டத்தைத் தொடங்குங்க."

போன உயிர் திரும்பி வந்தது.

அவ்வளவு ஆத்திரத்தோடு அவள் ஒருநாளும் ஆடியதில்லை. ஆங்கஸும் லேசில் விடவில்லை. ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டினான். கடைசி நிமிஷத்தில் உனைசியின் ஆள் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றினான். ஜெயித்துவிட்டாள். லோசா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திரையில் ஆங்கஸ் எழுதினான்: 'அருமையான ஆட்டம். சிட்னியில் கலக்கு.'

உனைசி பல்லைக் கடித்தபடி பதில் எழுதினாள்: 'போய் நாலாவது புகார் எழுது. உனக்கு அதுதான் நல்லா வருது.'

அவன் ஒரு சிரிப்பு முகத்தை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"சரியாக் குடுத்தேக்கா" என்று லோசா தோளில் தட்டினாள்.

அப்போது நோலீன் உனைசியைத் தனியாக அழைத்தார்.

"உனைசி, ஒரு நிமிஷம்மா. நீ எத்தனை நிமிஷம் கழிச்சு வந்தே தெரியுமா?"

"தெரியலை மேடம். பத்துக்கு மேல இருக்கும்."

"இருபத்தாறு."

உனைசி திகைத்தாள். "அப்புறம் எப்படி என்னை ஆட விட்டீங்க?"

"புகார் விசாரணை நடக்கும்போது கடிகாரத்தை நிறுத்தி வைக்கணும்னு விதி. கரண்ட் போன உடனே, 'அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா'ன்னு ஆங்கஸ் என்கிட்ட தனியா கேட்டான். எதிராளி சம்மதிச்சாலும் விதியில இடமில்லைன்னு சொல்லிட்டேன். விதிப்புத்தகத்தை அனுப்பச் சொன்னான். படிச்சிட்டுத்தான் முதல் புகாரைக் குடுத்தான்."

உனைசி திரையில் ஆங்கஸ் போட்டுவிட்டுப் போன சிரிப்பு முகத்தைப் பார்த்தாள்.

நோலீன் தொடர்ந்தார். "நீ உள்ளே வந்த நேரம், மூணாவதையும் தள்ளுபடி பண்ணிட்டு, 'இன்னும் ஏதாவது புகார் இருக்கா'ன்னு அவனைத் தனியா கேட்டேன். 'அவ வந்துட்டாளா?'ன்னான். 'வந்துட்டா'ன்னேன். 'அப்ப ஒண்ணும் இல்லை'ன்னுட்டான்."