ஆடும் அலமாரி

“மறுபடியும் ஆடுது!”

அந்த அம்மாள் பலகைகளை மேஜை மேல் பொத்தென்று போட்டார். போட்ட வேகத்தில் ஓரத்தில் இருந்த டீ கிளாஸ் தளும்பியது.

“எங்க, குடுங்க பாப்போம்.” கம்ப்யூட்டர் மெஷினில் பலகை வெட்டித் தரும் கட்டிங் கடைக்காரர் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு, ஒரு பலகையின் நாக்கை இன்னொரு பலகையின் காடிப் பள்ளத்துக்குள் சொருகினார். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், சொருகினாலே ஜம்மென்று நிற்க வேண்டிய புத்தக அலமாரி. கையை எடுத்ததுதான் தாமதம், ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“இது ரெண்டாவது தடவைங்க. உங்களுக்கு நெஜமாவே இந்த வேலை தெரியுமா?”

“தப்புதான் மேடம், தப்புதான். உக்காருங்க, வேற வெட்டித் தர்றேன். பலகை என் செலவு.”

தெரியுமாவா? எந்நேரமும் மில்லிமீட்டர் அளவைப் பற்றியே பேசுவதால் தெருவில் அவருக்கு ‘மில்லி’ என்றே பெயர். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். மனுஷர் டீயைத் தாண்டியதில்லை. ஆறு மில்லி என்று சொல்லி விற்கிற பிளைவுட், வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் ஐந்தரைகூடத் தேறாது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அந்த அம்மாளின் மகன் வெளிநாட்டிலிருந்து வரைந்து அனுப்பிய கம்ப்யூட்டர் படத்தில் காடிகளெல்லாம் அச்சுப் பிசகாமல் ஆறு மில்லி. பலகையின் நிஜத் தடிமனுக்குத் தக்கபடி காடிகளைக் குறுக்கிவிட்டால் தீர்ந்தது வேலை.

மில்லி குறுக்கத்தான் செய்தார், கொஞ்சூண்டு. சரியாகிவிடும் அளவுக்கு மட்டும் குறுக்கவில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மற்ற வாடிக்கையாளர்களெல்லாம் படத்தை போனில் அனுப்பிவிடுவார்கள். வெட்டியதை வண்டிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கக்கூட அவருக்கு நாதியில்லை. இந்த அம்மாள் ஒருத்தர்தான் நேரில் வந்து, மெஷின் வெட்டி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து, டீ குடித்து, வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போகிறவர். அலமாரி ஒழுங்காக நின்றுவிட்டால் அப்புறம் எதற்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போகிறார்?

அன்றும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

“எங்க ஃபேக்டரில நான் அளவு செக்கிங்ல இருந்தப்ப ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு பாருங்க... அளவு சரியில்லன்னு நான் ஒரு பீஸை ஒதுக்கி வச்சா போதும், என்னமோ அவரு சொத்தையே எழுதி வாங்கிட்ட மாதிரி முறைப்பாரு. கடைசில, நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு முதல்ல அழுதது அந்த மனுஷன்தான்!”

மில்லி வயிறு குலுங்கச் சிரித்தார். மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் ஓடக்கூடாதா என்றிருந்தது.

அடுத்த முறை அந்த அம்மாள் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பலகைகளுக்குப் பிடித்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்து, கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்.

“ரெண்டு பஸ் மாறி வரேங்க” என்றார், திட்டக்கூடத் தெம்பில்லாமல். “மறுபடியும் ஆடுது.”

மில்லி ஓடிப்போய்ப் பலகைகளை வாங்கிக்கொண்டார். ச்சே, நானெல்லாம் ஒரு மனுஷனா! எனக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதற்காக ஒருத்தரை இப்படி மழையில் அலையவிடுவதா?

“தலையைத் துவட்டிக்கங்க மேடம். இன்னியோட உங்க அலைச்சல் முடிஞ்சிரும்.”

பலகையின் தடிமனை நாலைந்து இடத்தில் அளந்தார். படத்தை மொத்தமாகச் சுருக்கினால் அலமாரியே குள்ளமாகிவிடும். அதனால் காடிகளின் அகலத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிக் குறுக்கினார். ஒரு துண்டுப் பலகையில் வெட்டி, சொருகிப் பார்த்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டியதும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

பிறகு முழு அலமாரியையும் வெட்டி நிறுத்தினார். ஆட்டிப் பார்த்தார், கையை ஊன்றி அழுத்தியும் பார்த்தார். ம்ஹூம், இம்மி அசையவில்லை.

“நின்னுடுச்சு” என்றார் அந்த அம்மாள். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான். ஒருநாள் பழக்க தோஷத்தில் மில்லி டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல காரியம்தானே செய்தோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார், மனசு கேட்டால்தானே! இரண்டு டீயையும் அவரே குடித்தார்.

ஒரு மத்தியானம் கதவு திறந்தது. அதே அம்மாள். கையில் பலகை எதுவும் இல்லை.

மில்லி தடுமாறி எழுந்தார். “என்ன மேடம், மறுபடியும் ஆடுதா?” குரலில் எட்டிப்பார்த்த ஆசையை அவரால் மறைக்க முடியவில்லை.

“இல்லைங்க. கல்லு மாதிரி நிக்குது.”

“அப்புறம்... வேற ஏதாச்சும் வெட்டணுமா?”

“ஒண்ணும் வெட்ட வேணாம்.”

அந்த அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, கோபம் மட்டும் பழையபடியே இருந்தது.

“நல்லாத்தானே தப்பா வெட்டிக்கிட்டு இருந்தீங்க, திடீர்னு ஏன் சரியா வெட்டினீங்க?”