இண்டைக்கே ஒரு தலைவர்

கதவைப் பூட்டிச் சாவியைச் சேட்டுப் பைக்குள் போட்டார் தலைவர் குணரத்தினம். "புதுத் தலைவரைத் தெரிவுசெய்யும் வரைக்கும் ஒருத்தரும் வெளியில போக ஏலாது" என்றார்.

துறைமுக வீதியில், ஸஹாப்தீனின் புடவைக் கடைக்கு மேல்மாடி அறை அது. கடைக்காரர் ஸஹாப்தீன், ஓய்வுபெற்ற தபாலதிபர் தங்கரத்தினம், பள்ளிக்கூடத்து ஸாலிஹா ரீச்சர் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகத்தில் யாரையும் பிடித்து வைக்கலாம் என்ற புதுச் சட்டம் வந்த பிறகு மனித உரிமைக் குழுவின் நிர்வாகத்தில் மிஞ்சியது இந்த நாலு பேரும்தான். தலைவர் பதவியைப் பற்றிக் கதை எடுத்தாலே ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி எழும்பிப் போய்விடுவார்கள். அதற்குத்தான் இந்தப் பூட்டு.

"நீங்க ஏன் விலகுறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார் ஸஹாப்தீன்.

"காரணத்தை அடுத்த தலைவருக்குத்தான் சொல்லுவன்."

"நாங்க கேள்விப்பட்டது வேற. நேத்து நீங்க ஆமி முகாம் வாசல்ல ஒரு பார்சலோட நிண்டீங்களாம். உள்ளுக்கிருந்து வந்த பெரியவனக் கையெடுத்துக் கும்பிட்டீங்களாம்."

"ஓம், போனனான்" என்றார் குணரத்தினம். சவரம் செய்யாத தாடையைத் தடவிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

ஸாலிஹாவுக்கு நெஞ்சு கசந்தது. இதே மனிதர்தான் எத்தனையோ பேருக்காக அந்த வாசலில் வெயிலில் நின்று, "பிடிச்ச ஆளைக் காட்டுங்கோ" என்று இங்கிலிஷில் சண்டை பிடித்தவர். அவரை நம்பித்தான் அவள் குழுவுக்கே வந்தாள். அவரா கும்பிட்டார்?

தங்கரத்தினம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்ர மருமகனைப் பிடிச்ச நேரம் என்ன சொன்னனீங்கள்? நிர்வாகத்தில இருக்கிற ஆளின்ர வீட்டு விசயத்தைக் குழு எடுக்காது எண்டு சொன்னனீங்கள். எடுத்தால், சொந்தக்காரருக்காக நடத்திற சங்கம் எண்டு அவங்கள் கதைப்பாங்கள் எண்டு விதி படிச்சனீங்கள். பொடியன் மாசக்கணக்கா உள்ளுக்குக் கிடந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இந்தக் கதிரையில இருந்தனான். இப்ப உங்களுக்குப் பயம் வந்தவுடன ஓடுறியள், என்ன?"

"அந்த விதி சரிதான், தங்கரத்தினம். இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

கீழே ஒரு ஜீப் வந்து நின்றது.

நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஸஹாப்தீன் ஜன்னல் பலகைகளை மெல்லச் சாத்தினார். அறைக்குள் புழுங்கியது. ஒருவருக்கும் முகத்தைத் துடைக்கக்கூடத் துணிவு வரவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்கவேயில்லை. பூட்டைத் திறந்தாலும் இனி முதலாவதாகப் படியிறங்க யாருக்கும் மனம் வராது.

"எனக்கு ஏலா" என்று கிசுகிசுத்தார் ஸஹாப்தீன். "கடைய எரிச்சிப் போடுவாங்க."

"எனக்கும் ஏலாது" என்றார் தங்கரத்தினம். "வீட்டில குமர்ப்பிள்ளை இருக்கு."

இரண்டு பேரும் ஸாலிஹாவைப் பார்த்தார்கள்.

"என்னப் பாக்காதீங்க. எங்கட அவருக்குத் துறைமுகத்துக்குள்ள வேல. தலைவரா நான் கையெழுத்து வச்ச அண்டைக்கே அவர வெளியில போட்டிருவாங்க. ரெண்டு புள்ளயள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

"நீங்களும் ஏலாது எண்டால் இண்டையோட குழு முடிஞ்சுது, ரீச்சர்" என்றார் குணரத்தினம். "நாளைக்கு ஆரையும் பிடிச்சால், அவையின்ர ஆக்கள் ஆரிட்டைப் போறது?"

அதை அவர் கேட்டிருக்க வேண்டாம். முறைப்பாட்டுக்கு வந்து வெளிப்படியில் காத்திருக்கும் பெண்கள் அவள் கண்ணுக்குள் வந்தார்கள். அழுவதற்குக்கூடப் பயந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பவர்கள். கதவு பூட்டியிருந்தது, கீழே ஜீப் நின்றது. ஆனால் அவளை எழும்ப விடாமல் பிடித்து வைத்திருந்தது அந்த முகங்கள்தான்.

"சரி. நான் தலைவரா இருக்கிறன்" என்றாள் ஸாலிஹா.

குணரத்தினம் கண்ணை மூடித் திறந்தார். தலைவர் கதிரையிலிருந்து எழுந்து விலகி நின்றார்.

"ஆனா ஒண்டு, சேர்." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பயந்து போறவர நான் குத்தம் சொல்லல்ல. எனக்கும் பயம்தான். ஆனா அவங்களக் கும்பிட்டுப் போட்டு, எங்கள இதுக்குள்ள பூட்டி வச்சிட்டுப் போறீங்க. இனி ஒங்கட முகத்த இந்த அறைக்குள்ள பாக்க எனக்கு விருப்பமில்ல."

அவர் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து வெளியே போனார். தங்கரத்தினம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை.

திறந்த கதவில் யாரோ தட்டினார்கள். குணரத்தினம்தான். முறைப்பாட்டுக்கு வருகிறவர்கள் நிற்கும் இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ளுக்கு வரலாமோ, தலைவர்?"

ஸாலிஹாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அவர் வந்து மேசைக்கு முன்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் நிமிர்ந்திருந்த முதுகு அப்படியே வளைந்து போனது.

"ஒரு முறைப்பாடு குடுக்கோணும். முந்தநாள் விடிய வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இன்னும் ஆளைக் காட்டேல்லை."

"ஆரப் புடிச்சது?"

"என்ர மகனை, தலைவர்."