நீலப் பட்டன்களுக்கு ஒரே விலை

தையல் மேசையின் மேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரம்மா வெள்ளைத் துணி விரித்து, ஆறு பழைய நீலக் கண்ணாடிப் பட்டன்கள் தைத்த அட்டையை அதில் வைத்துப் படம் பிடிக்கிறாள். ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் ஒரு சொட்டு வெயில் இறங்கி நிற்கிறது, கண்ணுகளா, பார்த்துக்கொண்டே இருக்கலாம். மடியில் கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி விடுவதாயில்லை. “நெட்டுல ஏலத்துல விடுக்கா. நாலு பேர் போட்டி போட்டா விலை எகிறும்.” அவள் நிமிராமலே சொல்கிறாள்: “போன வாரம் சிப்பிப் பட்டனை அப்படித்தானே விட்ட? ஊரே வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து ஏலத்தை முடிச்ச. வந்தவன் ஒருத்தன், டீக்காசுக்கு வாரிட்டுப் போனான்.” தம்பியின் காது சிவக்கிறது. “இந்தத் தடவை ஞாயித்துக்கிழமை முடிக்கிறேன். நீயா ஒரே விலைன்னு போட்டு, அதுக்கு எவனும் வரலன்னா மோட்டார் மெஷின் எப்படி வாங்குவ? முட்டி தேய மிதிக்கிறியே.” “தேயுறது என் முட்டிதானே? விலையையும் நானே போடுறேன்.”

கணினியை இழுத்து, தன் இணையக் கடையில் ஒற்றை விரலால் விலையைத் தட்டுகிறாள். சற்று நேரத்தில் திரையில் யாரோ எழுதிக் கேட்கிறார்கள், பாதி விலைக்குத் தர முடியுமா என்று. தம்பி ஆசையோடு அக்காவைப் பார்க்கிறான். அவள் கத்தரிக்கோலை எடுக்கிறாள். “பாதி விலைக்குப் பட்டனையும் பாதியா வெட்டித் தரட்டுமான்னு கேளு.” தம்பி சிரித்துவிடுகிறான். அவள் சிரிக்கவில்லை. “எழுதுடா” என்கிறாள், வலிக்கிற காலை மிதியில் ஊன்றி, அடுத்த சட்டையை ஊசிக்கடியில் தள்ளுகிறாள்.