பலகையைக் கடித்த புழு

ஒரு கல்லூரித் தோட்டத்தில் சரக்கொன்றை மரமும் ஆவாரஞ்செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் மஞ்சள் பூ. இரண்டின் பெயர்ப்பலகையிலும் 'காசியா' என்ற ஒரே இனப்பெயர். போயும் போயும் ஒரு புதர்ச்செடியோடு பெயரைப் பங்குபோட வேண்டியிருக்கிறதே என்று மரத்துக்கு மானமே போனது.

ஒருநாள் தாவரவியல் பேராசிரியை மரியபுஷ்பம் பூதக்கண்ணாடியோடு வந்தார். கொன்றைப் பூவில் மூன்று மகரந்தக் காம்புகள் நீண்டு, இரண்டு தடவை வளைந்திருந்தன. காசியா இனத்துக்கு அடையாளமான அந்த வளைவு ஆவாரம்பூவில் இல்லை. உடனே ஆவாரையின் பலகையைப் பிடுங்கிவிட்டு, 'சென்னா' என்ற வேறு இனப்பெயரை எழுதிய புதுப் பலகையை நட்டுவிட்டுப் போனார்.

"பார்த்தியா? நீ வேற, நான் வேறன்னு அப்பவே சொன்னேன்" என்றது மரம்.

"சரிங்க. உங்க நிழல் மட்டும் எப்பவும்போல இந்தப் பக்கம் விழுமா?" என்று கேட்டது ஆவாரை.

"யோசிச்சுச் சொல்றேன்."

அடுத்த வாரம் மழை பெய்து மரம் துளிர்த்தது. ஆவாரையை மொட்டையடித்துக்கொண்டிருந்த பச்சைப் புழுக்கள் மரத்தில் ஏறத் தொடங்கின.

"ஏய், இங்க எங்க வர்றீங்க? நீங்க தின்னுற சாதி அது. நான் காசியா! பலகையைப் பாருங்க!" என்று மரம் பதறியது.

"அப்படிங்களா? தெரியாமப் போச்சுங்க" என்றது முன்னால் வந்த புழு. கீழே இறங்கி ஆவாரை இலையில் ஒரு கடி கடித்தது. மேலே ஏறிக் கொன்றைத் துளிரில் ஒரு கடி கடித்தது. கடைசியில் கீழே நட்டிருந்த 'காசியா' மரப்பலகையையும் கடித்துப் பார்த்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க. இது வேற சாதிதான்" என்று பலகைத் தூளைத் துப்பிவிட்டு, மறுபடியும் மரத்தில் ஏறியது.