சிலை சொன்ன வியாழக்கிழமை

ஆப்பிரிக்காவில் அகான் மக்கள் வாழும் ஓர் ஊரில், அபேனா என்பவளின் கிழங்குத் தோட்டத்துக்கு ஒரு மரச்சிலை காவல் நின்றது. முதல் கிழங்கைத் தோண்டியதும் முட்டை சேர்த்துப் பிசைந்து சிலைக்கு வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அதனால் சிலைக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

ஒரு திங்கட்கிழமை, அதன் காலடியில் மண்ணைத் துளைத்துக்கொண்டு, கண் தெரியாத ஒரு கரையான் தலை நீட்டியது. "அண்ணே, காலைக் கொஞ்சம் கடிச்சுக்கலாமா?"

சிலை அவசரமாகச் சொன்னது: "இன்னைக்கு வியாழக்கிழமைப்பா. பூமித்தாய் ஓய்வெடுக்கிற நாள். மண்ணைக் கிளறலாமா?"

கரையானுக்குப் பக்தி அதிகம். "அப்போ மேலே தொம் தொம்னு என்ன சத்தம்?"

அபேனா மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தாள். "அது தாய்க்கு அடிக்கிற மேளம்," என்றது சிலை, கண் இமைக்காமல்.

கரையான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. செவ்வாயும் புதனும்கூட மேலே வரப் பார்த்தது. மேளம் கேட்டதும் தானாகவே திரும்பிப் போனது. சிலைக்கு ஒரே குஷி.

நிஜமாகவே வியாழன் வந்தது. அபேனா மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். தோட்டமே அமைதியாகக் கிடந்தது. கரையான் சொந்தபந்தங்களோடு வந்து சேர்ந்தது.

"இன்னைக்கு வியாழன்ப்பா, சத்தியமா," என்றது சிலை.

"போங்கண்ணே, மேளத்தையே காணோம்," என்று சிரித்த கரையான், பின்னால் திரும்பிச் சொன்னது: "எல்லாரும் வாங்க, இடது கால்லேர்ந்து ஆரம்பிப்போம்."