செவலை எழுந்த இடம்

மழைத்தண்ணீர் ஏறினால் அலறும் கருவி ஒன்றை மூன்றாம் சந்தின் முனைக் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். வந்த அன்றே அது தெருநாய் செவலையிடம் பெருமையடித்தது.

"சந்துலயே பள்ளமான இடம் இதுதான். வரைபடம் பார்த்துத்தான் என்னை இங்க வெச்சாங்க."

"தண்ணி முதல்ல நான் படுக்கிற அடிபம்புகிட்டதான் வரும்."

"உனக்கு வரைபடம் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. வயிறு நனைஞ்சா எழுந்திருக்கத் தெரியும்."

மறுநாள் மழை பிடித்தது. கருவியை மாட்டிய பொறியாளர் ரெஜினா குடையுடன் வந்து நின்றார். கருவி வாயே திறக்கவில்லை. செவலைதான் விருட்டென்று எழுந்து உடம்பை உதறியது. ரெஜினா ஓடிப்போய்ப் பார்த்தார். அடிபம்புக்குப் பக்கத்தில் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கியது.

"தப்பு என்னோடதுதான்," என்றவர், கருவியைக் கழற்றி அடிபம்பருகே மாட்டினார். கருவிக்கு ஒரே அவமானம்.

ஐப்பசி அடைமழையில் அது அலறியது. வீடுகளுக்குள் தண்ணீர் நுழையுமுன் அரிசி மூட்டைகளையும் பிள்ளைகளையும் மாடியேற்றிவிட்டார்கள். அதிகாரிகள் வந்து கருவியைப் படமெடுத்தார்கள்.

"அந்தம்மாவை மட்டும் காணோமே?" என்றது கருவி.

"நாலாம் சந்துல இருக்காங்க," என்றது செவலை. "புதுக் கருவி வந்திருக்கு. பெட்டியை இன்னும் பிரிக்கல. அந்தச் சந்து நாய் எங்க படுக்கும்னு விசாரிச்சுட்டிருக்காங்க."