வெள்ளை டை

“இன்னைக்கு எங்க?” என்றாள் மனைவி.

மொரிஷிமா டிஜிட்டல் டைரியைத் தட்டினார். “கதோமாட்சு குடும்பம், ரெண்டு மணி, மிடோரி மண்டபம், கறுப்பு கோட்டு.”

“எதுக்குன்னு போடலையா?”

“கதோமாட்சு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. கல்யாணந்தான். கல்யாணத்துக்குக் கட்டுற வெள்ளை டையை எடு.”

“ஆபீஸ்ல கேட்டுக்கக் கூடாதா?”

“இதுல ஏத்தினதுமே மண்டையிலேர்ந்து இறக்கிடுவேன். அதுக்குத்தானே வாங்கினது.”

கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் கதோமாட்சு மண்டப வாசலில் நின்றிருந்தார். அவரைக் கண்டதுமே மொரிஷிமா இடுப்பு வளையக் குனிந்தார்.

“வாழ்த்துகள். உங்கம்மா இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாங்க.”

கதோமாட்சு விலகி நின்றார். உள்ளே வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவில், கறுப்புச் சட்டமிட்ட படத்தில் அவருடைய அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் கழுத்திலும் கறுப்பு டை.

கோட்டுப் பையில் டைரி கீச்சிட்டது. மணி இரண்டு.

மொரிஷிமா மறுபடியும் குனிந்தார். இந்த முறை நிமிரவே இல்லை.